மூடி இறுக்காத போத்தல்

நுவரெலியாவிலிருந்து வலப்பனை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கெம்பஸ் மாணவி பச்சை நிறத் தண்ணீர் நிரம்பிய போத்தலை மடியில் வைத்திருந்தாள். மூடியை இறுக்கவில்லை.

"சிந்தும். வெளிய ஊத்துங்க," என்றார் கொண்டக்டர்.

"ஊத்த மாட்டேங்க. இது உசிரோட இருக்கு, காத்து வேணும்."

பக்கத்திலிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "பாசிதானே? தண்ணி பிடிக்கிற பீலியில நாங்க தேச்சுக் கழுவுறது."

"பாசிதாங்க. தயிர்ல உள்ள நல்ல கிருமிங்க வயித்துப் புளிப்புல செத்துப்போகும். பாசியோட சேத்து அனுப்பினா நெறைய தப்பிக்குது, கெம்பஸ் லேப்ல நானே பாத்தேன். தோட்டத்து லயத்துல வளந்த பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதுக்குன்னு சிலபேர் கேட்டாங்க. அதுக்காகவே விடமாட்டேன்."

"வளைவுல கொட்டினா?" கொண்டக்டர் நகரவில்லை.

அந்த அம்மா போத்தலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கொட்டினா என் சேலையிலதானே கொட்டும்? நீங்க டிக்கெட்ட குடுங்க."