ரெண்டுல இருந்து நாலு வரைக்கும்

அது பல்லு சார். ஆமா, பல்லுதான். மேல் செட்டு. டப்பாவைத் தெறந்து பாக்கணும்னா தாராளமாப் பாருங்க, கீழ மட்டும் போட்டுறாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்னோடது இல்ல. என் பல்லெல்லாம் வாய்க்குள்ளயேதான் இருக்கு, இந்தா பாருங்க, ஈ!

சிரிக்காதீங்க ஆபீசர். சரி, சிரிங்க. நானே காலையில இருந்து காரணமே இல்லாம சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். குடிச்சிருக்கேனாவா? இந்நேரத்துலயா? ஒரு டோனட், ஒரு காபி, அவ்வளவுதான். ஊதச் சொன்னா ஊதுறேன். வேகமா வந்தது தப்புதான், சீட்டு எழுதிக்குங்க. ஆனா எழுதிக் குடுத்தாலும் நான் எங்க சார் போறது? கேட்டைப் போட்டுட்டான். இந்தச் சரக்கு ரயில் நம்ம ஊரைத் தாண்டுறதுக்குள்ள ஒரு கல்யாணத்தையே நடத்தி முடிச்சிரலாம். அதுவரைக்கும் நீங்களும் இங்கதான், நானும் இங்கதான்.

லைசென்ஸ் இந்தாங்க. கோரா ஃபென்டன். ஏரிக்கரை மேல இருக்கே, அந்தக் காலேஜ்ல வாத்தியார். பாசி பத்திப் பாடம் எடுக்குறேன். பாறையில, மரத்துல படருமே, அதே பாசிதான். ஆமா, அதுக்கும் சம்பளம் குடுக்குறாங்க. இன்னைக்குப் பட்டமளிப்பு சார், பதினோரு மணிக்கு. இந்தப் பல்லு என்கிட்ட இருக்குற ஸ்டூடன்ட் ஒருத்தரோடது.

சின்னப் பொண்ணு இல்ல சார்! வாண்டான்னு பேரு. வான்கோழி பேக்கிங் கம்பெனியில ரிட்டயர் ஆகி, கையோட வந்து காலேஜ்ல சேர்ந்த அம்மா. இன்னைக்குப் பட்டம் வாங்கப் போறாங்க. காலையில படபடப்புல பல்லை டம்ளர்ல போட்டு வச்சதை மறந்துட்டாங்க. இப்ப கவுனு, தொப்பியெல்லாம் மாட்டிக்கிட்டு, வாயைக் கையால பொத்திக்கிட்டு வரிசையில நிக்கிறாங்க. பல்லு இல்லாம மேடை ஏற மாட்டேன், போட்டோ எடுப்பாங்கன்னு ஒரே பிடிவாதம்.

எங்க காலேஜ்ல ஒவ்வொரு வாத்தியார் தலையிலயும் கொஞ்சம் பிள்ளைங்களைக் கட்டி விட்டுருவாங்க. எந்தப் பாடத்தை எடுக்கணும், எதை விடணும், எங்க தடுக்கி விழுறாங்க, எல்லாம் நாமதான் பாக்கணும். அட்வைசர்னு பேரு. யாருக்கு யாருன்னு கம்ப்யூட்டர்தான் பிரிச்சுக் குடுக்கும். அந்தம்மா பேரு என் பங்குல வந்ததைப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஓடிப்போய், வேற யார்கிட்டயாவது மாத்துங்கன்னு கெஞ்சுனேன். ஏனா? அந்தம்மாவை உங்களுக்குத் தெரியாது சார். ஆபீசுல மாத்தித் தரேன்னுதான் சொன்னாங்க, அந்தம்மாதான் மாட்டேன்னுட்டாங்க.

முதல் பருவம் என்ன கூத்துன்னு கேளுங்க. ரயிலு வந்துக்கிட்டேதான் இருக்கு, கேளுங்க. என் கதவுல பெருசா எழுதி ஒட்டியிருக்கேன். ஆபீஸ் அவர்ஸ், செவ்வாய் வியாழன், ரெண்டுல இருந்து நாலு வரைக்கும். அந்த நேரத்துல எந்தப் பிள்ளையும் தட்டாமக் கொள்ளாம உள்ள வந்து என்ன வேணா கேக்கலாம். அந்தம்மா ரெண்டு மணிக்கு டாண்ணு வந்து எதிர் பெஞ்சுல உக்காருவாங்க. கதவு தெறந்துதான் கெடக்கு. நான் அவங்களப் பாக்குறேன், அவங்க என்னைப் பாக்குறாங்க, ஒரு தலையாட்டல் கூடக் கெடையாது. நாலு மணிக்கு நான் பையைத் தூக்கிட்டுக் கிளம்புனா போதும், ப்ரொஃபசர் ஒரு நிமிசம்னு பின்னாலயே ஓடி வருவாங்க. கார் நிப்பாட்டுற இடத்துல, கொட்டுற பனியில நின்னுக்கிட்டு அல்ஜீப்ரா கேப்பாங்க. எனக்கு அல்ஜீப்ராவே வராது சார், எனக்குத் தெரிஞ்சது பாசி! என்னை வெறுப்பேத்துறதுக்குன்னே பண்றாங்கன்னு நெனச்சேன்.

பருவம் முடிஞ்சுது, அல்ஜீப்ரா ஊத்திக்கிச்சு. ஃபெயிலான பிள்ளைங்க அடுத்த பருவத்துக்குப் பேர் பதிய முடியாதபடி காலேஜ் ஒரு பூட்டுப் போட்டுரும். ஹோல்டும்பாங்க. அட்வைசர் கூப்பிட்டுப் பேசினாத்தான் பூட்டு தெறக்கும். அந்தம்மா காலேஜ் தன் மேல கேஸ் போட்டுருச்சுன்னு பயந்துபோய், சர்ச்சுக்குப் போடுற கவுனை மாட்டிக்கிட்டு, ஒரு தட்டு பியரோகியும், அதான் போலந்துக் கொழுக்கட்டை, பண்ணி எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறாங்க. எப்ப? நாலு அடிச்சதும்!

ரெண்டு மணியில இருந்து எதிர்லயேதானே இருக்கீங்க, உள்ள வர்றதுக்கு என்னன்னு கேட்டுட்டேன். அதெப்படி வர்றது, அது ஆபீஸ் நேரமாச்சே, நீங்க வேலையா இருப்பீங்க, யாரும் வந்து தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதானே கதவுல எழுதிப் போட்டிருக்கீங்கன்னாங்க. ஒரு பருவம் முழுக்க சார்! எல்லா வாத்தியார் கதவுலயும் இருக்குற அந்தச் சீட்டை உள்ள வராதேன்னு படிச்சிருக்காங்க. கணக்கு வாத்தியார்கிட்ட போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா பாஸாகியிருப்பாங்க. நான் சிரிச்ச சிரிப்புல நாற்காலி பின்னால சாஞ்சிருச்சு. அந்தம்மா கோச்சுக்கிட்டுப் பியரோகித் தட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க.

அதுக்கப்புறம்தான் ஆபத்தே. ஒரு கதவு விடல. எந்த வாத்தியாருக்கு எப்ப ஆபீஸ் அவர்ஸோ அப்பக் கரெக்டா உள்ள இருப்பாங்க. கணக்கு வாத்தியார் குன்னார், வாயத் தெறந்தா முத்து உதிர்ந்துரும்னு இருக்குற மனுசன், அவர் ரூமுக்கு ஒரு ஈ காக்கா போனதில்ல. அந்தம்மா போய்க் கேள்வி மேல கேள்வி கேட்டதுல அவரு பேச ஆரம்பிச்சுட்டாரு! அதைப் பாத்துட்டு மத்த பிள்ளைங்களும் வந்து நிக்கிறாங்க. வெளியில இருந்து நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாரு சார்.

அப்படியும் அல்ஜீப்ரா மறுபடி ஊத்திக்கிச்சு. அன்னைக்கு மட்டும்தான் அந்தம்மா சிரிக்கல. நேரா வந்து, நான் படிப்பை விடுறேன், கையெழுத்துப் போடுங்க, இந்த மண்டையில இனிமே எதுவும் ஏறாதுன்னாங்க. வேற பிள்ளையா இருந்தா பக்குவமா நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அவங்ககிட்ட அதெல்லாம் எடுபடாது. கடியாரத்தைப் பாத்தேன். ஆபீஸ் அவர்ஸ் முடிஞ்சிருச்சு, யாரும் தொந்தரவு பண்ணக்கூடாது, செவ்வாய்க்கிழமை வாங்கன்னு சொல்லி அவங்க முகத்துக்கு நேரா கதவைச் சாத்திட்டேன். சாத்திட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து அழுதேன்.

செவ்வாய்க்கிழமை வந்தாங்களா? வந்தாங்க. கையெழுத்துக் கேக்கல. குன்னார் சொல்லிக் குடுத்த ஒரு கணக்கைப் போட்டு எடுத்துக்கிட்டு வந்து என் மேசையில வச்சாங்க. எனக்குத்தான் அது சரியா தப்பான்னு தெரியல.

அடுத்த தடவை பாஸ்! குன்னாரு அந்தம்மாவைத் தூக்கிச் சுத்தாத குறை. இன்னைக்கு அக்கவுண்டிங்ல பட்டம். எங்க காலேஜ்ல மேடையில பேரு வாசிக்கிறது டீன் இல்ல சார், அவங்கவங்க அட்வைசர்தான். பிள்ளை மேடை ஏறும்போது முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். நான் போகலேன்னா டீன் வாசிப்பாரு. அந்த மனுசன் வாயில நுழைஞ்ச போலந்துக்காரப் பேரு எதுவும் உருப்படியா வெளிய வந்ததில்ல. நான் போயே ஆகணும்.

என்னது? பல்லை எடுத்துட்டு வர ப்ரொஃபசர் எதுக்குப் போகணுமா? பாருங்க, போலீசுன்னா போலீசுதான். அவங்க வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு சார். நான் ஏழாவது படிக்கும்போது குடுத்தாங்க.

ஆமா. அந்தம்மா இல்ல சார். எங்கம்மா.

காலேஜ்ல தப்பில்லன்னுட்டாங்க, மார்க் போடுறது நான் இல்லையே. அம்மாதான் சட்டம் போட்டாங்க. காலேஜ் வாசலைத் தாண்டினா நான் ப்ரொஃபசர், அவங்க மிஸஸ் நோவிட்ஸ்கி. லைசென்ஸ்ல இருக்குறது என் வீட்டுக்காரர் பேரு. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல நான் படிப்புப் பேச்சை எடுத்தா முதுகுல கரண்டி விழும். அந்த ஆபீஸ் அவர்ஸ் குழப்பம் கூட என்னாலதான். வேலையில சேர்ந்த புதுசுல, ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் போன் பண்ணாதீங்கம்மான்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்.

அதோ கடைசிப் பெட்டி. கேட்டைத் தூக்கப் போறான், சீக்கிரம் எழுதுங்க சார். ஏன் அவ்வளவு வேகமா வந்தேன்னு முதல்லயே கேட்டீங்கள்ல? வாண்டா தெரேசா நோவிட்ஸ்கி. பெத்தவங்களை நான் எங்க சார் நேருக்கு நேரா பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன்? மைக்கு முன்னால அம்மான்னு வந்துருச்சுன்னா என்னை லேசுல விடமாட்டாங்க. அதான் கார்ல சத்தம் போட்டுச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன். எப்படிச் சொன்னாலும் கடைசியில அம்மான்னுதான் வருது. அதுல ஸ்பீடு காட்டுற முள்ளு எங்க ஏறிக் கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியல சார்.