எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது சார். எனக்குச் சர்க்கரை வியாதி, அதனால் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெயர் சோமசேகரன். வயது அறுபத்தெட்டு. வீடு தருமபுரத்தில். காரைக்கால் கோர்ட்டுக்கு எதிரே நாற்பது வருஷமாக டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, பத்திரம், பிரெஞ்சு பென்ஷன்காரர்களுக்குக் கடிதம், எல்லாம் அடித்துக் கொடுப்பேன்.

கார்த்திகேசன் என் கடைக்கு வந்தது 1990 செப்டம்பரில். பருத்தித்துறைப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்து, அகதியாகப் படகில் வந்தவர். மனைவியும் ஐந்து வயது மகளும் மண்டபம் முகாமில் இருந்தார்கள். தம்பி ஒருவர் ஊரிலேயே நின்றுவிட்டார். அவர் மட்டும் நெரவியில் அறை எடுத்திருந்தார். கடிதங்கள் என் கடை முகவரிக்குத்தான் வரும். தினமும் வந்து ஒரு பட்டியலைச் சொல்வார், நான் அடிப்பேன். அவர் ஊரில் இயக்கம் கூட்டிப்போய்த் திரும்பி வராதவர்களின் பெயர்கள். நாற்பத்து மூன்று. சில பெயர்களுக்குப் பக்கத்தில் வகுப்பையும் போடச் சொல்வார். அவரிடம் படித்த பிள்ளைகளாம்.

நான் இயக்கத்தை நம்பியவன். காயம்பட்டவர்களுக்கு மருந்து சேகரித்து அனுப்பியவன். சண்டை நடக்கும்போது இப்படி ஒரு பட்டியல் வெளியே போனால் யாருக்கு லாபம், நீங்களே யோசித்துப் பாருங்கள். மருந்தை வாங்கிப்போக வரும் இயக்கத்துப் பையன்கள் இருவரிடம் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். "அவரோட கதைக்கவேணும், அவ்வளவுதான். கரைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை" என்றார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

அக்டோபர் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை சாயங்காலம். "உங்க தம்பி படகுல வந்து இறங்கியிருக்காரு சார். கருக்களாச்சேரியில நிக்கிறாரு, வாங்க" என்றேன். என் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டார். வழி நெடுகத் தம்பியைப் பற்றியே பேசினார். கரையில் அந்த இருவரையும் பார்த்ததும் இறங்கி நின்று என் முகத்தைப் பார்த்தார். ஓடவில்லை. "பிள்ளையிட்டச் சொல்லிவிடுங்கோ" என்றார். படகு கடலுக்குள் போயிற்று. பேசுவதற்கு எதற்குப் படகு என்று நான் கேட்கவில்லை. சற்றுத் தள்ளி வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கருப்பையன் என்ற மீனவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மகள் என் கடைக்கு வந்து நின்றாள். பிரதீபா. அப்பாவின் கடைசிக் கடிதத்தில் இருந்த முகவரியை வைத்துக் கண்டுபிடித்திருந்தாள். "அப்பாவைத் தெரியுமோ?" என்று கேட்டாள். "நல்லாத் தெரியும்மா. தங்கமான மனுஷன்" என்றேன். அது பொய் இல்லை.

அவளுக்கு ஒன்பது மனு அடித்துக் கொடுத்தேன். காரைக்கால் போலீசுக்கு எழுதும்போது காணாமல் போன இடம் நாகப்பட்டினம் என்று போடுவேன். நாகப்பட்டினத்துக்கு எழுதும்போது காரைக்கால் என்று போடுவேன். இது புதுச்சேரி, அது தமிழ்நாடு. எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல என்று முறையாகப் பதில் வரும். என்மேல் இருந்த நம்பிக்கையில் அவள் படிக்காமலே கையெழுத்துப் போடுவாள்.

யாரோ சொல்லி ஒருமுறை கருப்பையனைத் தேடிப் போனாள். நான் முந்திக்கொண்டேன். "வாயத் தொறந்தா உங்களையும் சேத்து உள்ள வச்சிருவாங்க" என்று அவரிடம் சொல்லிவைத்தேன். அவள் போய்க் கேட்டபோது கிழவர் அழுதாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருஷமே இறந்தும் போனார். அன்றைக்கு அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டேன். அதிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.  

அவள் அம்மா கடைசி வரை பொட்டை அழிக்கவில்லை. அந்த அம்மாவின் சாவுக்கு மண்டபம் போய்த் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

போன திங்கட்கிழமை வந்தாள். ஊருக்கே திரும்பிப் போகிறாளாம். "காணியை எழுத அப்பாவின்ர மரணச் சான்றிதழ் வேணுமாம் மாமா. திகதி ஆருக்குத் தெரியும்? நீங்களே ஒண்டு போடுங்கோ" என்றாள்.

சான்றிதழ் கேட்கும் மனுவில் எந்தத் தேதியையும் போட்டிருக்கலாம். நான் 19.10.1990 என்று அடித்தேன். மாலை ஐந்தரை மணி, கருக்களாச்சேரி கரை, நீலக் கோடு போட்ட சட்டை என்றும் அடித்தேன். கையை நிறுத்த முடியவில்லை. அப்பாவின் சாவு என்பதால் இதை மட்டும் அவள் வரிவரியாகப் படித்தாள்.

"அந்தச் சட்டை அம்மா தைச்சது. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சொன்னேன்.  "அவரை எங்கை கொண்டுபோனவை?" என்று மட்டும் கேட்டாள். அது எனக்கு உண்மையிலேயே தெரியாது சார்.

எழுதிக்கொள்ளுங்கள். கார்த்திகேசனைப் பிடித்துக் கொடுத்தவன் நான். அவர் மகளைப் பன்னிரண்டு வருஷம் அலையவிட்டவனும் நான்தான். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். அத்தனை வருஷமும் அவள் அப்பாவை உயிரோடு வைத்திருந்தது நான் ஒருவன்தான்.