இரும்பைக் கொடுத்தோம், மூச்சைக் கொடுத்தோமா?

பீங்கானால் பெயர்பெற்ற விருத்தாசலத்தில், தொழிற்பேட்டைத் திடலில் திரண்டிருக்கும் இந்தக் கண்டனக் கூட்டத்தின் தலைவர், பட்டறை முதலாளி காஸ்பர் அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கியிருக்கும் மூத்தோரே! கம்மாபுரத்திலிருந்தும் மங்கலம்பேட்டையிலிருந்தும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சூளைச் சூட்டில் வெந்தும் சுருங்காத முகங்களோடு நிற்கும் தோழர்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என்னை எதற்காக அழைத்தீர்கள்? பேட்டையின் பின்புறம் சுகாதார ஆய்வுக் குழுவினர் நடத்தும் ஊசி அறையை மூடச் சொல்லி முழங்குவதற்காக அழைத்தீர்கள். போதை ஊசி போடும் பையன்களிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கிறார்கள், இரத்தம் சோதிக்கிறார்கள் என்று கொதிக்கிறீர்கள். "ஊசி கொடுத்து ஊரைக் கெடுக்கும் கூட்டமே, வெளியேறு!" என்று சுவரெல்லாம் சுவரொட்டி, அதன் கீழே இந்த வளர்மதியின் படம். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது! சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் சிரிப்பு வராது.

காணாமல் கண்டிக்கக் கூடாது என்று முந்தாநாளே பஸ் ஏறி வந்தேன். அந்த அறைக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே ஒரு பையன் செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தான். உதடு படவில்லை, ஒரு துளி சிந்தவில்லை. அடடா, எவ்வளவு நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். செம்பை வைத்தான், பெஞ்சில் உட்கார்ந்தான், அப்படியே மண்ணில் சரிந்தான்.

"வலிப்புடா! இரும்பு குடுங்கடா!" என்றது ஒரு குரல். வந்தது ஐயா இரும்பு! வண்டிச் சாவி வந்தது, வீட்டுச் சாவி வந்தது, வடை எடுக்கும் கரண்டிகூட வந்தது. நானும் என் பையில் பீரோ சாவியைத் தேடினேன். எல்லாவற்றையும் அவன் உள்ளங்கையில் திணித்தோம். கை மூடவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. மூக்கருகே விரல் வைத்தவர் முகம் வெளுத்தது.

அறையிலிருந்து ஆய்வுக் குழுவின் நர்ஸ் ஜெசி ஓடி வந்தார். "இது வலிப்பு இல்லிங்க! மாத்திர அளவு மீறிப் போச்சு, மூச்சு அடங்குது. யாராவது வாயில வாய் வச்சி ஊதுங்க, நான் மருந்து எடுத்தாரேன்!" என்று கத்திவிட்டுத் திரும்பி ஓடினார்.

யார் ஊதினார்கள்? சொல்லுங்கள், யார் ஊதினார்கள்? "எச்சி படுமேங்க" என்று ஒருவர் பின்வாங்கினார். அவர் பின்னால் எல்லோரும் பின்வாங்கினோம். இரும்பைக் கொடுக்க இத்தனை கை, மூச்சைக் கொடுக்க ஒரு வாய் இல்லை! ஜெசி வந்து போதையை முறிக்கும் மருந்தைத் தொடையில் செலுத்தினார், மண்டியிட்டு அவரே ஊதினார். பையனின் மார்பு ஏறியது, இறங்கியது, ஏறியது. கண் விழித்தவன் சொன்ன முதல் வார்த்தை, "வூட்ல சொல்லிடாதீங்கக்கா." ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அங்கே வைத்துப் பார்த்து, ஆபத்து நீங்கியபின் அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் நான் அதிர்ந்தது அதற்குப் பிறகுதான். வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறானாம். தினமும் புது ஊசிக்கு எங்கே போவாய் தம்பி என்று கேட்டேன். "எதுக்குங்க? ஒரே ஊசிதான். நாங்கல்லாம் ஃப்ரெண்ட்ஸுங்க" என்றான்.

கேட்டீர்களா? செம்பில் எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அடுத்தவன் இரத்தம் தோய்ந்த ஊசி அருவருக்கவில்லை! எச்சிலுக்கு அஞ்சக் கற்றுக்கொடுத்தோம். இரத்தத்துக்கு அஞ்சக் கற்றுக்கொடுத்தோமா? ஈரலை அரிக்கும் கிருமியும் எச்.ஐ.வி.யும் அந்த ஒற்றை ஊசியில் ஏறி உடல் உடலாகப் போகின்றன. சோதித்ததில் எத்தனை பேருக்குக் கிருமி என்று ஜெசியிடம் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல விரல்விட்டு எண்ணினேன், இரண்டு கை விரல்களும் போதவில்லை. நாளைக்கு அவர்கள் திருமணம் செய்வார்கள், பிள்ளை பெறுவார்கள். அது யார் வீட்டு வாசலில் போய் நிற்கும்?

என்ன அண்ணே? "ஊசி குடுத்தா இன்னும் போடுவானே" என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு போட்டால், கயிறுதான் அவனைத் தள்ளியது என்பீர்களா? ஊசி வாங்க வருகிறவனைத்தான் உட்கார வைத்துப் பேச முடிகிறது, சோதிக்க முடிகிறது, சிகிச்சைக்கு அனுப்ப முடிகிறது. அறையை மூடினால் அவன் ஊசியை விட்டுவிட மாட்டான். முள்ளுக்காட்டுக்குப் போய்ப் போடுவான். அங்கே விழுந்தால் எந்த ஜெசி ஓடி வருவார்?

அங்கே யாரம்மா கேட்பது? "யாரு வூட்டுப் புள்ளங்க அது?" சொல்ல மாட்டேன் தாயே. அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த ஊர்ப் பிள்ளை, இந்தக் கூட்டத்தில் அவனைப் பெற்றவர் இருக்கிறார், அவருக்கு இன்னும் தெரியாது. அவ்வளவுதான் சொல்வேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள் அம்மா? "பச்சச் சட்டயாங்க? எம் மவனாங்க?" என்று கேட்கிறீர்களே, அழாதீர்கள். பின்னால் நிற்கும் நீங்களும் ஏனம்மா வருகிறீர்கள்? ஐயா, நீங்களுமா? ஐயோ, நான் பார்த்தது ஒரே ஒரு பையனைத்தானே! உங்களில் ஒருவராவது "என் பிள்ளையாக இருக்காது" என்று உட்கார்ந்திருக்கக் கூடாதா?

தலைவர் அவர்களே, அறையை மூடும் தீர்மானத்தை நான் முன்மொழிய வேண்டும் என்றீர்கள். என்னால் முடியாது. வேறு யாரேனும் முன்மொழிவதானால், எழுந்து நிற்கும் இந்தத் தாய்மார்களைப் பார்த்துக்கொண்டே முன்மொழியட்டும். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி, வணக்கம்... தலைவர் அவர்களே, கையில் போனோடு நீங்கள் எங்கே போகிறீர்கள்?