கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கக் கற்றுத் தந்தவருக்கு

கற்பிக்கப் போகிறவர்களுக்குக் கற்பிக்கும் கலையைக் கையளித்த கல்விச் செல்வமே! கரும்பலகையின் முன் கால் நடுங்கி நின்றவர்களுக்கெல்லாம் கைகொடுத்த கனிவே! பிடித்த பிடியை விடாத பேராசிரியப் பெருந்தகையே! பணி நிறைவு பெற்று விடைபெறும் இந்நாளில், பல்கலைக்கழக ஆசிரியப் பயிற்சி மையத்தைச் சேர்ந்த நாங்கள் அனைவரும் நெஞ்சம் நெகிழ்ந்து, நிமிர்ந்து நின்று, இம்மடலைத் தங்கள் கரங்களில் அளிக்கின்றோம்.

முதுகலை முடித்து ஆய்வில் இறங்கிய கையோடு, முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் பொறுப்பும் ஆய்வாளர்கள் தலையில் விழுகிறது. நேற்றுவரை பெஞ்சில் இருந்தவர், இன்று மேசைக்கு அந்தப் பக்கம். பாடம் தெரிந்தவருக்கு நடத்தத் தெரியாதா என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்த காலத்தில், தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் தாங்கள். சொன்னதோடு நில்லாமல், உடைந்த நாற்காலிகளைக் குவித்துவைத்திருந்த ஓர் அறையை ஒழித்து, ஒட்டடை அடித்து, அங்கேயே பயிற்சியைத் தொடங்கினீர்கள்.

தங்கள் பெருமைகளை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அடைமொழிகள் தங்களுக்கு ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டோம்.

இயற்பியல் ஆய்வாளரான அவரை மாணவர்கள் 'அருவி' என்று அழைத்தார்கள். வாயைத் திறந்தால் கொட்டிக்கொண்டே இருப்பார். நகைச்சுவை, உவமை, ஏற்ற இறக்கம் எல்லாம் உண்டு. அவர் வகுப்பில் யாரும் தூங்கியதில்லை. அப்படிப்பட்டவரைப் பயிற்சிக்கு வரச் சொன்னது அவருக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. நீந்தத் தெரிந்தவனைத் தொட்டியில் இறக்கி விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்று விடுதியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் தாங்கள் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் அமர்ந்தீர்கள். மேலே எறிந்த பந்தைப் பற்றி அன்று பிரமாதமாகப் பேசினார் அருவி. முடித்ததும், ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, மாணவர்களைத் துண்டுத்தாளில் பதில் எழுதச் சொன்னீர்கள். பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் என்ன? அவர் அன்று விளக்கியதே அதைத்தான். ஆனால் பூமியின் இழுப்பு அங்கும் இருக்கிறது என்பதை மறந்து, பாதிக்கு மேற்பட்டவர்கள் பூஜ்யம் என்று எழுதியிருந்தார்கள்.

தாள்களைப் புரட்டப் புரட்ட அருவியின் முகம் சிவந்தது. "இப்பத்தானே சொன்னேன்" என்றார்.

"நீங்க சொன்னீங்க. அவங்களுக்குப் போய்ச் சேரலை" என்றீர்கள் தாங்கள்.

அந்த ஒரு வார்த்தை அவருக்குத் தைத்துவிட்டது. நேராகத் தன் ஆய்வு வழிகாட்டியிடம் போனார். வழிகாட்டியோ துறைத்தலைவர், ஏற்கெனவே இந்தப் பயிற்சியைக் கண்டாலே ஆகாதவர். ஆய்வு செய்ய வேண்டிய நேரத்தை இது விழுங்குகிறது, விருப்பமுள்ளவர்கள் வந்தால் போதும் என்று மாற்ற வேண்டும் எனப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்குக் கோரிக்கை கொண்டுபோனார். விருப்பம் என்றானால் ஒருவரும் வர மாட்டார்கள், பயிற்சி தானாகவே செத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களில் சிலர்கூட, ஒரு பருவம் விட்டுக்கொடுத்துப் பார்க்கலாமே என்று தங்களிடம் இழுத்தோம். தாங்கள் அசையவில்லை.

ஆட்சிக்குழுவில் தாங்கள் பேசியது கொஞ்சம்தான். "யார் நடத்துற வகுப்புல உக்காரணும்னு தேர்ந்தெடுக்கிற விருப்பம் பிள்ளைங்களுக்கு இருக்கா? அவங்களுக்கு இல்லாதது நமக்கு மட்டும் எதுக்கு?" என்று கேட்டீர்கள்.  முடிவைப் பருவத்தின் இறுதிக்குத் தள்ளிப்போட்டார்கள்.

இதற்கிடையில் அருவிக்கு ஒரு வீம்பு. தங்கள் கேள்வியே கோணல் என்று நிரூபிக்க நினைத்தார். அதே பாடத்தை, முன்னிலும் அழகாக, இரண்டாம் முறை நடத்தினார். அதே கேள்வியைத் தானே கேட்டார். தாள்களை அறைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார். மீண்டும் பூஜ்யங்கள். தான் பேசும்போதெல்லாம் தலையாட்டிச் சிரித்த பிள்ளைகள் எழுதிய பூஜ்யங்கள். இத்தனை நாள் தன் பேச்சைத் தானேதான் ரசித்துக்கொண்டிருந்தோமோ என்ற சந்தேகத்தோடு தாள்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

மறுநாள் பயிற்சி அறைக்கு வந்து நின்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கோபம்கூட முழுதாக ஆறவில்லை. "என்ன பண்ணணும்னு சொல்லுங்க மேடம்" என்றார்.

"கேள்வி கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

சொல்ல எளிது. ஒத்திகையில் நாங்கள் மாணவர்களாக நடித்தோம். அவர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். மறுபடியும் என்பீர்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார்; பொறுக்காமல் ஒரு குறிப்புக் கொடுப்பார். மறுபடியும் என்பீர்கள். ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகூடப் பார்த்தார். மௌனம் அவரைத் தின்றது. தாங்களும் விடவில்லை, அவரும் ஓடவில்லை. நடித்து நடித்து எங்களுக்குத்தான் அந்தப் பந்து கனவில் வர ஆரம்பித்தது.

பிறகு ஒருநாள் நிஜ வகுப்பில் அதே பந்துக் கேள்வியைக் கேட்டார். பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துப் பதில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். வகுப்பு அவரையே பார்த்தது. அவர் அசையவில்லை. மெல்ல ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது சலசலப்பாகி, சண்டையாகவே ஆகிவிட்டது. அப்போது, பருவம் முழுவதும் வாயே திறக்காத ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், உச்சியில வேகம் பூஜ்யம். முடுக்கமும் பூஜ்யம்னா, பந்து கீழ வராம அங்கேயே தொங்கிக்கிட்டுல்ல இருக்கணும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பலர் தாளில் எழுதியதை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.  சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் அருவி ஒரு வகுப்பில் நின்றது அதுவே முதல் தடவை.

பருவ இறுதியில் ஆட்சிக்குழு கூடியபோது, தனக்கும் பேச வாய்ப்பு வேண்டும் என்று அவரே எழுதிக் கேட்டார். அவர் ஆய்வேடு, வழிகாட்டியின் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரம் அது. பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரியாதவர் அல்லர் அவர். வேண்டாம், உங்கள் ஆய்வைப் பாருங்கள் என்று தாங்களே தடுத்தும் கேட்கவில்லை. வழிகாட்டியின் எதிரில் நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னார். "எனக்கு நல்லா பேசத் தெரியும். நடத்தத் தெரியலை. இங்க வந்துதான் கத்துக்கிட்டேன்" என்று முடித்தார்.

பயிற்சி இல்லாமல் எந்த ஆய்வாளரும் தனியே வகுப்பெடுக்கக் கூடாது என்பது அன்றுதான் எழுத்துபூர்வமான விதியானது. துறைத்தலைவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வெகுநாள் அருவியின் முகத்தைப் பார்த்தும் பேசவில்லை. ஆய்வேட்டில் கையெழுத்து தாமதமாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. தம்மிடம் சேர்ந்த அடுத்த ஆய்வாளரை மட்டும், யாரும் கேட்காமலே, முதல் வாரமே பயிற்சிக்கு அனுப்பிவைத்தார் தலைவர்.

தளராத தாயுள்ளமே! தங்கள் கண்டிப்புக்கு நாங்கள் மட்டும் ஆளானோம் என்று நினைத்திருந்தோம். தங்கள் மகளைக் கேட்டால், "அம்மா ஒரு கேள்வி கேட்டுட்டு சும்மா பாத்துக்கிட்டே இருப்பாங்க, அதுக்குப் பயந்தே வீட்ல யாரும் பொய் சொல்ல மாட்டோம்" என்கிறார். ஆறிப்போன சாப்பாட்டை மீண்டும் மீண்டும் சூடாக்கிவைத்த தங்கள் கணவருக்கு, இனி சுடச்சுடச் சேர்ந்து உண்ணும் நாட்கள் வாய்க்கட்டும். நோயின்றி, நொடியின்றி, நெடுநாள், நிறைவாழ்வு வாழ்க தாங்கள்! தூங்க நினைத்த நேரம் தூங்கி, நடக்க நினைத்த தூரம் நடந்து, நலமே சூழ வாழ்க!

வரும் திங்கட்கிழமை புதிய ஆய்வாளர்கள் வருகிறார்கள். வழக்கம்போல் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள். பயிற்சியை, இப்போது எங்களில் ஒருவராகிவிட்ட அருவி நடத்துகிறார். நாங்கள் உடன் இருக்கிறோம். எவ்வளவு பெரிய துறையிலிருந்து எவ்வளவு பெரியவர் வந்து சொன்னாலும், ஒருவரைக்கூடப் பயிற்சியின்றி வகுப்புக்குள் விட மாட்டோம். தங்களைத் தொலைபேசியில் அழைத்து என்ன செய்வது என்று கேட்கவும் மாட்டோம்.

என்றும் அன்புடனும் அசையா உறுதியுடனும்,
பயிற்சி மையத்தின் ஆசிரியர்கள், அலுவலர்கள்,
தங்களிடம் பயின்று இன்று வகுப்பறைகளில் நிற்பவர்கள்