இத்ரூஸ் நானாவுக்கு வியன்னா காட்டியது

வியன்னா நகரத்துச் சந்தையில் விற்கும் கறுவாப்பட்டை அவ்வளவு நல்லதில்லை. தடித்துப்போய், வாசனையே இல்லாமல் இருக்கிறது. இத்ரூஸ் நானா ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கறுவா இல்ல மஹ்ரூப், விறகு. அந்த மனுசனுக்குச் சொல்லு," என்றார். நான் கடைக்காரரிடம் ஜெர்மன் மொழியில், "அருமையான சரக்கு என்கிறார்," என்றேன். அவர் மனம் குளிர்ந்துபோய் எங்களுக்கு ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கொடுத்தார். அன்றைய நாள் முழுக்க அப்படி நல்லபடியாகத்தான் போனது.

காதியார் அவர்களே, நிக்காஹ் விண்ணப்பத்தோடு நான் நேற்று உங்கள் முன் வந்தபோது, பெண்ணின் சார்பில் சம்மதம் சொல்ல வேண்டிய வலீ எங்கே, அவர் எப்படி மவுத்தானார் என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் நான் கொஞ்சம் அலங்காரம் பண்ணிவிடுவேன். இருபது வருசமாக மாத்தளை ஸ்பைஸ் கார்டன் ஒன்றில் வெள்ளைக்காரருக்கு மிளகுக் கொடியையும் சாதிக்காயையும் காட்டிப் பேசிய நாக்கு இது. அதனால் எழுதித் தருகிறேன். ஒரு கல்யாணம் பொய்யில் தொடங்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

மஸூதா அதே கார்டனில் எண்ணெய்ப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுகிறவர். அங்கே எண்ணெய் காய்ச்சும் வைத்தியர் இத்ரூஸ் நானாவின் ஒரே தங்கை. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். நான் வெள்ளைக்காரருக்கு அவிழ்த்துவிடும் கதைகளைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் கதைகளை நீட்டினேன். அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஆனால் வாப்பா இல்லை, பெரியப்பா சாச்சா என்று யாரும் இல்லை, கூடப்பிறந்த அண்ணன் நானா ஒருவர்தான் வலீ. நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: "நாக்க வெச்சுப் புழைக்கிறவனுக்கு என்ட தங்கச்சியக் குடுக்க ஏலா."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மனிதருக்கு அவருடைய அபிப்பிராயம் இருக்கலாம்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. சண்டை ஓய்ந்து, வடக்குப் பாதை திறந்து, கார்டன் வாசலில் வேன்கள் வரிசையில் நின்ற காலம். வருசா வருசம் வரும் ஹில்டா அம்மையாரின் முழங்காலை நானாவின் எண்ணெய் குணப்படுத்தியிருந்தது. அந்த நன்றிக்கு, அவர் தன்னோடு டானூப் நதியில் ஒரு வாரம் கப்பலில் வரும்படி எங்கள் இருவரையும் அழைத்தார். வைத்தியர் நானா, மொழிபெயர்ப்பாளர் நான். மாத்தளை முழுக்க அதுதான் பேச்சு.

வலீ எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் தூரமாகிவிட்டால், அவருடைய இடத்தில் காதியே நின்று நிக்காஹ்வை முடித்துவைக்கலாம் என்று நான் யாரிடமோ கேள்விப்பட்டிருந்தேன். காரணமில்லாமல் மறுக்கும் வலீயைப் பற்றி உங்களிடம் ஒரு மனுக் கொடுத்தாலே போதும் என்பதை நீங்கள் நேற்றுச் சொல்லித்தான் அறிந்தேன். முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

வியன்னாவில் கப்பல் காலையில் கரை பிடித்தது. இறங்கும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் போட்ட அட்டை தருவார்கள். திரும்பி வந்து அதைப் பலகையில் மாட்ட வேண்டும். எல்லா அட்டையும் மாட்டப்பட்டால் எல்லோரும் வந்தாயிற்று என்று கப்பல் புறப்படும். பாஸ்போர்ட்டுகள் கப்பல்காரரிடம் இருந்தன. ஹில்டா அம்மையார் அசதியில் அறையில் தங்கிவிட்டார். நானா தன் அட்டையை, "உன்னட்டையே ஈக்கட்டும், நான் துலைச்சுப்போடுவேன்," என்று என்னிடம் தந்தார். அவருக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறவர். அந்த மருந்துப் பையும் என் தோளில்தான் இருந்தது.

டிராமில் ஏறி நகரத்தைச் சுற்றினோம். அரண்மனைகளை எண்ணத் தொடங்கி ஏழோடு விட்டுவிட்டார் நானா. பெரிய ராட்டினத்தில் ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டு கலிமாச் சொன்னார். உச்சிக்குப் போனதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, "அடே, நம்ம ஊரு அலுவிகாரைக் கல்லுக்கு மேல நிண்டு பாக்குற மாதிரி," என்று சிரித்தார். பூங்காவில் புல்லில் லுஹர் தொழுதோம். நாயோடு வந்த ஒரு கிழவி, நாங்கள் முடிக்கும் வரை குறுக்கே போகாமல் நின்றுகொண்டிருந்தார். நானா ஸலாம் கொடுத்து முடித்துவிட்டு அவருக்கும் ஒரு ஸலாம் சொன்னார். பிறகு, "இண்டைக்கு ஒரு நாள்," என்று ஐஸ்கிரீமும் சாப்பிட்டார். அவரை அவ்வளவு சந்தோசமாக நான் பார்த்ததேயில்லை. எனக்கும் மனம் நிறைந்திருந்தது.

நாலு மணிக்கு வாய்க்கால் கரையில் ஒரு பாலத்தடியில் கிடந்த வாங்குப் பலகையில் குந்தினோம். மஸூதாவுக்கு ஒரு சால்வை வாங்கி வருவதாகச் சொல்லி நான் எழுந்தேன். "நான் வரும் வரைக்கும் இந்த இடத்த விட்டு எழும்ப வேணாம் நானா. இங்கேயும் பொலிஸ் நம்ம ஊர் மாதிரித்தான். பாஸ்போர்ட் கையில இல்லாட்டிப் புடிச்சு அடைச்சிருவாங்க. உடுப்பக் கண்டா மறைஞ்சுக்கங்க," என்றேன்.

அங்கே அப்படி ஒன்றும் இல்லை. அந்த ஊர்ப் பொலிஸ்காரர் வழி தெரியாதவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். ஆனால் நானாவுக்கு அதை நம்பச் சிரமமில்லை. எண்பத்தொன்பதில் அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுக் கடைக்குப் போனவரை ஒரு காவலரணில் பிடித்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து, தபால்காரரின் காக்கியைக் கண்டாலும் ரோட்டைக் கடந்து மறுபக்கம் போகிறவர் அவர். அவருடைய முகம் சுருங்கியது. "கெதியா வா," என்று மட்டும் சொன்னார்.

நான் கப்பலுக்கு வந்து இரண்டு அட்டைகளையும் மாட்டினேன். ஹில்டா அம்மையாரிடம் நானா தலையிடியோடு படுத்துவிட்டார் என்றேன். ஆறு மணிக்குக் கப்பல் புறப்பட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வைத்தார்கள், நன்றாயிருந்தது.

மறுநாள் காலையில் அவருடைய படுக்கை கலையாமல் இருப்பதை வேலைக்காரப் பெண் கண்டு சொன்னாள். நானும் பதறினேன். விடியப்பறம் எழும்பித் தொழப் போயிருப்பார் என்று நினைத்தேன் என்றேன். கடைசியாக எங்கே கண்டேன் என்று கேட்டார்கள். கப்பலுக்கு ஒன்றாகத்தான் வந்தோம், பிறகு ராட்டினத்தைத் திரும்பப் பார்க்க ஆசைப்பட்டு, அட்டையை எடுக்காமலே இறங்கியிருப்பார் என்றேன். என்ன சட்டை என்றார்கள். நீலம் என்றேன். அவர் போட்டிருந்தது வெள்ளை. பொலிஸார் ராட்டினத்தைச் சுற்றி நீலச் சட்டைக்காரரை இரண்டு நாள் தேடினார்கள், மிகவும் அக்கறையான மனிதர்கள்.

நானா பாலத்தின் அடியில், தூண்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறார். டோர்ச் அடித்துக்கொண்டு பொலிஸார் அந்தப் பக்கமும் ஒருமுறை வந்தார்களாம். அவர் மூச்சுக் காட்டவில்லை. மூன்றாம் நாள் குப்பை அள்ளுகிறவர்கள் கண்டெடுத்தபோது நினைவு தப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் அன்று அஸர் தொழுகை நேரத்துக்கு முன்பே மவுத்தானார். மருந்து ஏன் உங்களிடம் இருந்தது என்று பொலிஸார் என்னைக் கேட்டார்கள். தோளில் கிடந்ததை மறந்துவிட்டேன் என்று அழுதேன். நம்பினார்கள்.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மறக்கவில்லை. திரும்பிவரும் டிராமில் பையைத் திறந்து பார்த்தேன். சின்னப் போத்தல் ஈரத் துணியில் சுற்றி இருந்தது. மூன்று நிறுத்தம் வரை அதைக் கையில் வைத்திருந்தேன். நாலாவது நிறுத்தத்தில் திரும்பவும் உள்ளே வைத்தேன். ஊருக்குத் தெரியாமல் தூரமாக இருக்கும் வலீ எப்போதாவது திரும்பி வருவார் என்பதையும் அந்த நேரத்தில்தான் யோசித்தேன்.

மஸூதா அழுது முடித்து ஒரு வருசமாகிவிட்டது. "நானா கடைசியா சந்தோசமா ஈந்தாரா?" என்று அடிக்கடி கேட்பார். கறுவாக் கடையையும் கிழவியின் நாயையும் ராட்டினத்தையும் சொல்வேன். ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை. "நீங்க பக்கத்துல ஈந்ததே போதும்," என்பார்.

இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று. அந்த வாங்கில், நான் சால்வை வாங்கப் போகிறேன் என்று எழுந்தபோது, நானா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "மஹ்ரூப், நீ பொய்க்காரன்தான். ஆனா மனுசர சந்தோசப்படுத்தத் தெரிஞ்சவன். ஊருக்குப் போனதும் ஹஜ்ஜுக்கு முந்தி மஸூதாட நிக்காஹ்வ முடிச்சிருவோம்," என்றார். வெளியூர் உற்சாகத்தில் சொன்னது வீட்டுக்குப் போனால் மாறிவிடும் என்று நினைத்து, நான் பொலிஸ் விசயத்தைச் சொல்லிவிட்டுப் போனேன்.

ஆகவே காதியார் அவர்களே, படிவத்தில் வலீயின் சம்மதம் என்ற இடத்தை வெறுமையாக விட வேண்டியதில்லை. அவர் மனதாரச் சம்மதித்தார். என் இரண்டு காதாலும் கேட்டேன்.