விளக்கப் பலகையில் ஒரு பிழை

அருங்காட்சியகத்தில் வைக்கும் விளக்கப் பலகை எதுவும் அறுபது சொற்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால், வாசிக்க வந்தவர் பாதியிலேயே தேநீர்க்கடையைத் தேடிப் போய்விடுவார். எங்கள் நீராவி ரயில் பாதையை ஒட்டி எழும்பிக்கொண்டிருக்கும் புதிய அருங்காட்சியகத்துக்கு முப்பத்தெட்டுப் பலகைகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றில் முப்பத்தேழை எழுதியவள் நான். முப்பத்தெட்டாவதை என்னிடம் காட்டாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வதாக உங்கள் காவலர் முன்வந்தார். நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் எனிட் ஹெய்க். வயது எழுபத்தாறு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ராவன்ஸ்கில் ரயில் பாதையின் ஆவணப் பொறுப்பாளர். அங்கே வேலை செய்யும் எல்லோரையும் போல நானும் தன்னார்வலர்தான். அரசு கைவிட்ட ஏழு மைல் தண்டவாளத்தை நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் புல்லுக்கடியிலிருந்து மீட்கத் தொடங்கியவர்கள் இரண்டே பேர்: நானும் க்ளிஃபர்ட் ஆர்மிட்டேஜும். அவர் கொதிகலன் ஆலைத் தொழிலாளி. ஆணி அடிக்கும் இரைச்சலில் இடது காதை இளமையிலேயே இழந்தவர். மண்வெட்டி அவர் கையிலும் பேனா என் கையிலும் இருந்தன. அமைச்சகத்துக்கு நான் எழுதிய கடிதங்கள் நூற்றுப் பன்னிரண்டு. நகல்கள் எல்லாம் என்னிடம் உள்ளன.

முதல் ஆண்டில் ஒரு மழை நாள். பழைய சரக்குப் பெட்டி ஒன்றுக்குள் ஒதுங்கி, பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைப் பங்கிட்டுத் தின்றுகொண்டிருந்தோம். அப்போது அவர் சொன்னார்: "ஒருநாள் மியூசியம் கட்டுவோம், எனிட். வடக்குப் பக்கம் சன்னல் வச்ச ரூம் உனக்குத்தான். உன் காகிதத்துக்கெல்லாம் வெயில் ஆகாதுல்ல?"

அந்தச் சொற்களை அன்றே குறித்து வைத்தேன். அதன்பின் நாற்பத்தோர் ஆண்டுகள் அந்தச் சரக்குப் பெட்டியே என் ஆவணக் காப்பகமாக இருந்தது. குளிர்காலத்தில் பதிவேடுகளின் முதுகில் பூஞ்சை படரும். துணியால் துடைத்துவிட்டு, கட்டப்படாத அந்த அறைக்காகக் காத்திருந்தேன்.

கடந்த பிப்ரவரியில் கட்டடக் கலைஞர் திருத்திய வரைபடம் வந்தது. வடக்குச் சன்னல் அறை தேநீரகமாகியிருந்தது. என் ஆவணங்கள் முப்பது மைலுக்கு அப்பால் உள்ள மாவட்டக் காப்பகத்துக்குப் போகும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. பழைய வரைபடத்தையே ஏற்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் கொண்டுவந்தேன். ஆறு பேர் ஆதரித்தார்கள்; ஆறு பேர் எதிர்த்தார்கள். முடிவு தலைவரிடம் வந்தது. க்ளிஃபர்ட்தான் தலைவர்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சமமா வந்தா, கையில இருக்கிற வரைபடமே இருக்கட்டும்னு விதி. நீ எழுதின விதிதானே, எனிட்."

என்ஜின் ஓட்டுநர் கீத் ஸக்டன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "டீச்சரம்மா, நீங்க வச்ச பிரம்பு உங்க முதுகையே பதம் பாத்துடுச்சே!"

வெளியே க்ளிஃபர்ட் என் பின்னால் வந்தார். "கோவமா? ஜனங்க டீ குடிக்கத்தான் வர்றாங்க, எனிட். உன் காகிதத்தைப் பாக்க வருஷத்துக்கு நாலு பேர் வந்தா அதிகம்."

"ஐந்து பேர்," என்று திருத்தினேன். அவர்மீது எனக்கு வன்மம் இல்லை. வன்மம் ஒழுங்கற்றவர்களின் பழக்கம். விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும் என்பதை மட்டும் அன்று அவரிடம் கற்றேன்.

இனி எங்கள் என்ஜின் கொட்டகையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். என்ஜினுக்கு அடியிலுள்ள பள்ளத்துக்குள் எண்ணெய் விடவோ பழுது பார்க்கவோ இறங்குபவர், 'நகர்த்தாதே' என்று எழுதிய சிவப்புப் பலகையை அதன் முகப்பில் மாட்ட வேண்டும். மாட்டியவரே கழற்ற வேண்டும். பலகை தொங்கும்வரை எந்த ஓட்டுநரும் என்ஜினைத் தொட மாட்டார். இறங்குமுன் கொட்டகைப் பதிவேட்டில் கையெழுத்தும் இட வேண்டும். ஒருமுறை யாரோ பலகையைக் கழற்றாமலே வீட்டுக்குப் போய்விட்டதால் பயணிகள் ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. எனவே பதினான்காம் விதியை எழுதினேன்: பதிவேட்டில் கையெழுத்து இல்லாத பலகை, மறந்து விடப்பட்ட பலகை. அன்றைய பொறுப்பாளர் பெயர் சொல்லி அழைத்துப் பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் பலகையைக் கழற்றிச் சுவரில் மாட்டலாம்.

பதிவேடும் என் பராமரிப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கடைசி நாளன்று அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அடுத்த மாதப் பக்கங்களுக்குக் கோடு போட்டு, மறுநாள் காலையில் திரும்ப வைத்துவிடுவேன். மற்ற நாட்களில் அது கொட்டகையை விட்டு வெளியே போனதில்லை.

ஏப்ரல் மாதம் பத்தொன்பதாம் தேதி, ஹெஸ்டர் என்ற எங்கள் சிறிய என்ஜின், முதல் காட்சிப்பொருளான பழைய பயணிகள் பெட்டியைப் புதிய கூடத்துக்குள் தள்ளிச் செல்ல வேண்டியிருந்தது. கொட்டகைப் பொறுப்பு அன்று என் முறை. காலை பத்தரை மணிக்கு ஹெஸ்டரின் முகப்பில் சிவப்புப் பலகை தொங்கியது. பதிவேட்டில் அதற்குரிய கையெழுத்து இல்லை. விதிப்படி பெயர் சொல்லி அழைத்தேன். யாருடைய பலகை என்றே தெரியாதபோது யார் பெயரைச் சொல்லி அழைப்பது என்று நீங்கள் கேட்கலாம். க்ளிஃபர்டின் பெயரைச் சொல்லி அழைத்தேன். என்ஜின் நீராவி விட்டு இரைந்துகொண்டிருந்தது. நான் அதன் இடப்பக்கம், அவருடைய இடது காதின் பக்கமாக நின்றேன். பதில் வரவில்லை. பலகையைக் கழற்றித் துடைத்து, சுவரில் அதற்குரிய ஆணியில் மாட்டினேன்.

கீத் வந்தார். முகப்பைக் குனிந்து பார்த்தார். "பலகை ஏதும் இல்லையே, டீச்சரம்மா?"

"இல்லை."

"தலைவரைக் காணோமே. போட்டோவுக்கு நிக்கணுமே, தலை சீவப் போயிருப்பாரு. இருக்கிற நாலு முடிக்கு எவ்வளவு நேரமோ!"

அதை நான் திருத்தவில்லை.

ஹெஸ்டர் நான்கு அடி நகர்ந்தது. பிறகு கீத் நிறுத்திவிட்டார். அவர்மீது தவறு எதுவும் இல்லை, விதிப்படியே நடந்தார். அன்றைக்குப் பின் அவர் எந்த என்ஜினிலும் ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன்.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. பலகை ஆணியில் இருந்தது. பதிவேட்டில் அந்த வரி காலியாக இருந்தது. பலகை மாட்டவும் கையெழுத்திடவும் க்ளிஃபர்ட் மறந்துவிட்டார் என்று முடிவு செய்தார்கள். என்னிடம் கேட்டவற்றுக்கெல்லாம் சரியான விடை கொடுத்தேன். நான் பலகையைக் கழற்றினேனா என்று யாரும் கேட்கவில்லை.

தேநீரகம் தேநீரகமாகவே இருக்கிறது. அதற்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இப்போது முப்பத்தெட்டாவது பலகைக்கு வருகிறேன். பாதுகாப்பைப் பற்றிய பலகை அது. 'தலைவர் ஆர்மிட்டேஜ் பலகை மாட்ட மறந்ததால் உயிரிழந்தார்' என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இது பொய். நாற்பத்தோர் ஆண்டுகளில் க்ளிஃபர்ட் ஒருநாள்கூடப் பலகை மாட்ட மறந்ததில்லை. எனக்குக் கொடுத்த வாக்கு ஒன்றைத் தவிர அவர் எதையும் மறந்தவர் அல்லர். பொய்யான ஒரு வாக்கியத்துக்கு அடியில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்பதை என்னால் அனுமதிக்க முடியாது. 'பலகை மாட்ட மறந்ததால்' என்பதை நீக்கிவிட்டு, 'மாட்டிய பலகையை எனிட் ஹெய்க் கழற்றியதால்' என்று மாற்றச் சொல்லுங்கள். அப்போதும் அறுபது சொற்களுக்குள் அடங்கும். எண்ணிப் பார்த்துவிட்டேன்.

கையெழுத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அதையும் அவர் மறக்கவில்லை. இறங்குவதற்கு முன் எண்ணெய்க் குவளையோடு என்னிடம் வந்தார்.

"புக்கைக் காணோமே, எனிட்?"

"தேடி எடுத்து வைக்கிறேன். நீங்கள் இறங்குங்கள்."

"சரி, மேல வந்து போட்டுடறேன். பலகையை மாட்டிட்டேன், நீ பாத்துக்க." பிறகு, ஏணியில் கால் வைத்தபடி, "இன்னும் கோவமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை.

பதிவேடு அப்போது என் கைப்பைக்குள், கம்பளி நூலுக்கும் பின்னல் ஊசிகளுக்கும் அடியில் இருந்தது. கோடு போடுவதற்காகவே எடுத்து வைத்திருந்தேன். மாதக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாட்கள் இருந்தன.