முழுச் சுற்று

— சிவப்புப் பொத்தானை நாலு தடவை அமுக்கிட்டேன். நிக்க மாட்டேங்குது. என்ன சொல்ற நீ?

— மிஸ்டர் டகார்ட், அந்த எந்திரத்தை நான் செய்யல. அது திரும்புறதுக்கான கணக்கு மட்டும்தான் என்னுது. ஹோபார்ட்ல வீட்டுல உக்காந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கட்டும்னு இன்டர்நெட்டுல சும்மா போட்டு வச்சது.

— மிஸ்டர்னு வரி ஆபீஸ்காரன்தான் கூப்பிடுவான். மெர்வ்னு சொல்லு. எந்திரத்தை வித்தவன் "அய்ல்ஸாவைக் கேளு"ன்னு உன் நம்பரைக் குடுத்துட்டுக் கழண்டுக்கிட்டான். இங்க போர்ட் லிங்கன்ல, சூரை மீன் வளக்கிற கூண்டுக்கு அடியில, வலை கழுவுற அந்தச் சனியன் பம்பரமா சுத்துது. அதை நிறுத்த இறங்கின பொண்ணோட காத்துக் குழாயும் அதுல சேர்ந்து முறுக்கிக்கிச்சு, மேல வர முடியல.

— ஐயோ, கீழ ஆள் இருக்காங்களா?

— பின்ன, மீனுக்காகவா உன்னைக் கூப்பிடுறேன்? முதுகுல இருக்கிற சிலிண்டர் இருபது நிமிஷம் தாங்கும். இன்னொருத்தன் கரையிலேர்ந்து வந்து சேர நாப்பது ஆகும். எந்திரத்துக்குப் போற வடத்தை வெட்டிரவா?

— பேட்டரி எந்திரத்துக்குள்ள இருக்கு. வெட்டினாலும் சுத்தும். தவறி அவங்க காத்துக் குழாயை வெட்டினாலும் வெட்டிருவீங்க.

— அப்ப ஏன் சுத்துது? புரியிற மாதிரி சொல்லு. நான் ஆறாங்கிளாஸ்.

— எந்திரம் எப்படிச் சாஞ்சிருக்குன்னு நாலு எண்ணா வச்சிருக்கோம். சரியா ஒரு முழுச் சுத்து சுத்தினா, பழைய நிலைதான், ஆனா எண்ணோட குறி மாறிடும். அந்த இடத்துல மட்டும் என் கணக்கு சைபரை சைபரால வகுத்துருது. வர்றது எண்ணே இல்ல. அதைத் தொடுற எண்ணெல்லாம் கெட்டுப் போகும்.

— எல்லை மீறிச் சுத்தினா தானா நிக்கும்னு வித்தவன் சொன்னானே?

— எண்ணா இருந்தாத்தானே எல்லையைவிடப் பெருசான்னு அதுக்குத் தெரியும்? "மீறலை"ன்னுதான் பதில் வரும். பொத்தானை அமுக்கினாலும் நிக்கிறதுக்கு முன்னாடி தன்னை நேராக்கிக்கப் பாக்கும். அதுக்கும் அதே கணக்குதான்.

— சரி, திருத்தித் தொலை!

— ஒரே வரி, மெர்வ். இங்க திருத்திட்டேன். ஆனா தண்ணிக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கிறதுல ஏத்த வழியில்ல, நின்னாத்தான் ஏத்த முடியும்.

— இவ்வளவு நாள் இதை ஒருத்தன்கூடச் சொல்லலையா?

— ஒருத்தர் சொன்னாங்க, போன வருஷம். திருத்தத்தையும் எழுதியே அனுப்பியிருந்தாங்க. "கடல்ல இப்படி நடக்காது"ன்னு பதில் போட்டு அந்தப் புகாரை மூடிட்டேன். இப்பவும் திரையில இருக்கு.

— எவன் அவன்?

— என். கார்வெல்னு போட்டிருக்கு.

— நரெல் கார்வெல். கீழ இருக்கிறது அவதான்.